விக்கெட் வர்றா, கதவைச் சாத்து!

ஏப்ரல் 7, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். ஒரே ஒரு விலக்கு உண்டு. அணிகளின் பெயரையும் ஆட்டக்காரர்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. நான் ஒரு பேட்ஸ்மேனின் பெயரைச் சத்தமாகச் சொன்னாலே அடுத்த பந்தில் அவர் அவுட்டாம். எழுதினால் காலே முறிந்துவிடும் என்கிறான் அண்ணன். நான் நம்பவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவருடைய காலை வைத்து எதற்கு விஷப்பரீட்சை?

வீட்டில் எனக்கு ‘விக்கெட்’ என்று பெயர். போன வருடம் ஒருநாள் ஜியோமெட்ரி பாக்ஸை எடுக்க ஹாலுக்குள் போனேன். நான் காலை வைத்த பந்தில் எங்கள் நாட்டு அணியின் தொடக்க ஆட்டக்காரர் போல்டு. எல்லாரும் என்னை முறைத்தார்கள். வெளியே வந்துவிட்டு, மன்னிப்புக் கேட்கலாமே என்று திரும்பப் போனேன். அடுத்தவரும் போல்டு. அன்றிலிருந்து என் அறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே அண்ணன் கத்துகிறான்: “விக்கெட் வர்றா, கதவைச் சாத்து!”

கிரிக்கெட் அப்பாவுடையது. ஐரோப்பியக் கால்பந்து அண்ணனுடையது. அண்ணன் ஆதரிக்கும் கிளப்பும் நான் பார்த்தால் கோல் வாங்குகிறதாம். ஆகையால் இரண்டு ஆட்டத்துக்கும் எனக்குத் தடை.

அப்பா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்குக் கண் சோதித்து எண் எழுதிக் கொடுத்தவர். அவரே சொல்கிறார்: “நீ பாசமாத்தான் பாக்குறே கண்ணு. ஆனா உன் கண்ணு பட்டுடுது.”

ஆகவே நான் இதுவரை ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த கிரிக்கெட்டும் கால்பந்தும் பள்ளி நூலகத்து விதிப் புத்தகங்களிலிருந்தும் பேப்பரின் கடைசிப் பக்கத்திலிருந்தும் வந்தவை. நீச்சலைப் புத்தகத்தில் படித்தவள் மாதிரி.

ஒரே ஒரு ஆட்டம். முதலிலிருந்து முடிவுவரை. உட்கார்ந்து. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கிரிக்கெட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி: பந்து போட்ட அணி கேட்டால்தான் அம்பயர் அவுட் கொடுக்கலாம். எவ்வளவு தெளிவான அவுட்டாக இருந்தாலும், யாரும் கேட்காவிட்டால் அவர் விரலைத் தூக்கக் கூடாது. எத்தனை மரியாதையான விதி! என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கால்பந்தில் எனக்குப் பிடிக்காதது: தோளில் கை பட்டதற்குக் காலைப் பிடித்துக்கொண்டு உருள்வது. இதை அண்ணனிடம் சொன்னேன்.

“உருண்டதை நீ எங்க பாத்தே?”

“கதவு இடுக்குல.”

“அதான் விழுந்தான்!”

ஏப்ரல் 13, சனி

தாகம். சமையலறைக்கு ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹாலில் கிரிக்கெட். கதவுக்குப் பின்னால் நின்று அனுமதி கேட்டேன். அப்பாவும் அண்ணனும் கூடிப் பேசினார்கள். கண்தானே பிரச்சினை, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று தீர்ப்பாயிற்று. “கண்ணாடியையும் கழட்டிடு, எதுக்கும்” என்றார் அப்பா. அந்தக் கண்ணாடியை எனக்குப் போட்டுவிட்டவரே அவர்தான்.

கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். அண்ணன் வழி சொன்னான். “நேரா... நேரா... இடது பக்கம்... பவுண்டரி!” பவுண்டரிக்குக் குதித்தவன் எனக்கு ஸ்டூலைச் சொல்ல மறந்துவிட்டான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

முழங்கால் வீங்கியிருக்கிறது. தண்ணீர் குடிக்கவேயில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் 20, சனி

இன்று என்னை அழைத்தார்கள்!

எதிரணியின் தொடக்க ஆட்டக்காரர் ஒருவர், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், அவுட்டே ஆகாமல் நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்குத் திடீரென்று யோசனை உதித்தது. “டேய், நம்ம வீட்டு விக்கெட்டைக் கூப்பிடுடா!”

எனக்குச் சோபாவின் நடு இடம் கொடுத்தார்கள். தலையணை கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். ஒட்டடைக்குச்சி சிக்ஸர் அடித்தார். மறுபடி சிக்ஸர்.

“ஒழுங்காப் பாக்குறியா?” என்றான் அண்ணன்.

“பாக்குறேன்.”

“அப்பா, இவ பாசமாப் பாத்தாத்தானே படும்? இவளுக்கு அவன் மேல பாசம் இல்லப்பா.”

அப்பா என் பக்கம் திரும்பி, கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் சொன்னார்: “அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க இல்லையாம்மா? கொஞ்சம் மனசார விரும்பிப் பாரேன்.”

முயன்றேன். அவர் சிறுவனாக இருந்தபோது அந்த உயரத்துக்குக் கால்சட்டை கிடைக்காமல் பட்ட கஷ்டங்களை நினைத்துப் பார்த்தேன். வகுப்புப் படங்களில் எப்போதும் கடைசி வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். இன்றைக்காவது சதம் அடிக்கட்டுமே என்று உண்மையாகவே தோன்றியது. தோன்றிய கணத்தில் தூக்கி அடித்தார். கேட்ச்.

அப்பாவும் அண்ணனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு அண்ணன் தலையணையை வாங்கிக்கொண்டு, “சரி, நீ போலாம்” என்றான்.

ஒட்டடைக்குச்சியும் அப்போது மைதானத்தை விட்டுப் படியேறிப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே அனுப்பினார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கவனித்தது: ஜெயித்தால் “ஜெயிச்சுட்டோம்.” தோற்றால் “தோத்துட்டானுங்க.” இந்த இலக்கணத்துக்கு எந்த நூலிலும் விதி இல்லை.

ஏப்ரல் 27, சனி

மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் மாமா படிக்கட்டில் என்னை நிறுத்தினார். அவர் ஆதரிப்பது அண்ணனுடைய கிளப்பின் பரம எதிரி. நாளை இரண்டு கிளப்பும் மோதுகின்றன.

“நாளைக்கு எங்க வீட்ல வந்து மேட்ச் பாரேன் பாப்பா. முன்னாடி நாற்காலி. தொண்ணூறு நிமிஷமும் பாக்கலாம்.”

“ஏன் மாமா?”

“சும்மாதான். உனக்கு உங்கண்ணன் கிளப் பிடிக்குமில்ல?”

“பிடிக்கும்.”

“ரொம்பப் பிடிக்குமா?”

“ரொம்ப.”

“அப்பக் கண்டிப்பா வா.”

இது துரோகமா? ராசியை நம்புகிறவள் போனால் துரோகம். நம்பாதவள் போனால் வெறும் விருந்தாளி. நான் நம்பவில்லை. அப்புறம் ஏன் இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்? முழு ஆட்டம்! தொண்ணூறு நிமிஷம்!

போகப்போகிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

போனேன். நாற்காலி இருந்தது, சொன்னபடி. தட்டு நிறைய பிஸ்கட். “கண்ணாடியை நல்லாத் துடைச்சுட்டுப் பாரு பாப்பா” என்றார்.

மூன்றாவது நிமிஷம். கார்னர். அண்ணனுடைய கிளப்பில் மொட்டைத்தலைக்காரர் ஒருவர் எழும்பி முட்டினார். கோல்! கீழே அண்ணன் போட்ட சத்தத்தில் எங்கள் பிஸ்கட் தட்டு அதிர்ந்தது.

மாமா மெதுவாகத் திரும்பினார். “நீ யார் பக்கம்?”

“அண்ணன் கிளப்தான்.”

“மனசாரவா?”

“மனசார மாமா.”

“பின்ன எப்படி...”

அதற்குள் இரண்டாவது கோல். மாமா எழுந்து கதவைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார். “உங்கம்மா கூப்பிடுற மாதிரி இருக்கு பாப்பா.” அம்மா அப்போது வீட்டிலேயே இல்லை. மார்க்கெட் போயிருந்தார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிஸ்கட்டோடு படியிறங்கினேன்.

கடைசியில் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமன். அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. “துரோகி!” என்றான். பிறகு விரலை மடக்கி யோசித்தான். “இரு... நீ மேல இருந்தப்பதானே ரெண்டு கோல் போட்டோம்? நீ வந்த பிறகுதானே ரெண்டு வாங்கினோம்?”

“ஆமா.”

“அப்ப ஏன் வந்தே?!”

போனாலும் குற்றம், வந்தாலும் குற்றம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் படுக்கையில் அழுகையும் வந்தது. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

மே 4, சனி

தூங்குவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

கிரிக்கெட் இறுதிப் போட்டி. கோப்பை. நான் என் அறையில், கதவு சாத்தி, புத்தகத்தோடு. அப்படியும் எங்கள் அணியில் முதல் விக்கெட் விழுந்தது. அப்பா கதவைத் தட்டினார். “சுவர் வழியாவும் படுது போல. கொஞ்ச நேரம் வெளிய படிக்கட்டுல உக்காரேன் கண்ணு.”

எங்கள் வீடு மூன்றாவது மாடி. வெளியே உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து “அய்யோ!” கேட்டது. அண்ணன் தலையை நீட்டினான். “இன்னும் ஒரு மாடி இறங்கு.”

இறங்கினேன். மறுபடி “அய்யோ!” இந்த முறை அப்பாவே கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். “எங்கம்மா இருக்கே?”

“ரெண்டாவது மாடிப்பா.”

“இன்னும் ஒண்ணு, கண்ணு!”

இப்படியே ஒவ்வொரு விக்கெட்டாக, ஒவ்வொரு மாடியாக, கடைசியில் தெருவுக்கே வந்துவிட்டேன். அதற்கு மேல் இறங்க இடமில்லை. விக்கெட் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு “அய்யோ!”வும் மூன்று மாடி கீழேயும் கேட்டது.

பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்க்கும் அம்மா, வேலை முடிந்து பையோடு வந்தார்.

“இங்க என்னடி பண்றே?”

“மேட்ச்...”

“தெருவுலயா மேட்ச் பாக்குறே?”

“இல்லம்மா. பாக்காம இருக்கேன்.”

அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மாடியைப் பார்த்தார். “நான் போய்ப் பேசட்டுமா?”

“வேணாம். நானே பேசுறேன்.”

ஏறினேன். ஏறும்போது அழகான வாக்கியங்களாகத்தான் யோசித்தேன். உள்ளே போனதும் ஒன்றும் வரவில்லை. டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு கத்தினேன்: “அவங்களுக்கு என்னைத் தெரியுமாப்பா? கடலுக்கு அந்தப் பக்கம் ஆடுறாங்க! பந்து அங்க போக அவன் மட்டையை இங்க வீசுறதுக்கு நான் ஏன் தெருவுல நிக்கணும்? உங்களைவிட எனக்குத்தான் எல்லா விதியும் தெரியும்! எனக்கும் பிடிக்கும்ப்பா! எனக்கும் பாக்கணும்!”

சொல்லிவிட்டுச் சோபாவில் நடுவில் உட்கார்ந்தேன்.

அடுத்த பந்து. விக்கெட்.

அண்ணனின் வாய் திறந்தபடி நின்றது. “வாயை மூடுடா, கடைவாய்ப் பல்லு தெரியுது” என்றார் அம்மா.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் வாழ்நாள் முழுக்க எழுந்திருக்க வேண்டியதுதான்.

அப்பாதான் முதலில் கத்தினார். என்னைப் பார்த்து அல்ல. “அது அவுட்டே இல்ல! பந்து எதுலயும் படல! அந்த அம்பயரை என் கடைக்கு அனுப்புங்கய்யா, முதல் வரியையே படிக்க மாட்டான்!”

“பட்டுதுப்பா” என்றேன். “கையுறையில. கட்டைவிரல்கிட்ட.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

மெதுவாகத் திருப்பிக் காட்டினார்கள். கையுறை. கட்டைவிரல் பக்கம். நூல் அளவு உரசல்.

அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதை இங்கேருந்து பாத்தியா?”

“பாத்தேன்.”

“எனக்கே தெரியலையே.” என் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி வெளியே அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, திரும்ப என் காதில் மாட்டிவிட்டார். “நல்ல கண்ணுதான்” என்றார். “நகர்ந்து உக்காரு, நானும் உக்காரணும்.”

தோற்றுவிட்டோம். கோப்பையை அவர்கள் தூக்கினார்கள். ஆனால் நான் பார்த்தது கடைசிப் பகுதி மட்டும்தான். இதை முழு ஆட்டக் கணக்கில் சேர்க்க முடியாது.

மே 5, ஞாயிறு

தோற்றதற்கு யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பிட்ச்சைக் குறை சொன்னார்கள். பாவம், அதுவும் பேசாமல் படுத்துக் கிடந்தது.

மே 11, சனி

அண்ணனிடமிருந்து சமாதானத் தூது. “அடுத்த ஞாயிறு லீக்கோட கடைசி மேட்ச். டிரா ஆனாக்கூட நாங்கதான் சாம்பியன். நீ... வேணும்னா...” மீதியைச் சுவரைப் பார்த்துச் சொன்னான். காதில் விழவில்லை. விழுந்ததாக எடுத்துக்கொண்டேன்.

மே 19, ஞாயிறு

விசிலுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். வீரர்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வருவார்கள் என்று படித்திருக்கிறேன். ஒரு குழந்தை கொட்டாவி விடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பத்தாவது நிமிஷத்தில் மொட்டைத்தலைக்காரர் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அண்ணன் துள்ளி எழுந்தான். “நான்தான். நான் பாத்ததாலதான் கம்பத்துல பட்டுது. போன தடவையும் நான் பாத்தப்பதான் பட்டுது.”

“நீ எப்பவும்தானே பாக்குறே?”

“அதான் எப்பவும் படுது!”

படிக்கட்டுக்குப் போய்விட்டான். கதவை லேசாகத் திறந்து வைத்திருந்தான்.

“என்னாச்சு?”

“த்ரோ.”

“யாருக்கு?”

“அவங்களுக்கு.”

“நம்மாளு எப்படி இருக்கான்?”

“சாக்ஸை இழுத்து விட்டுக்கிறார்.”

அப்பா கொஞ்ச நேரம் துணைக்கு இருந்தார். ஒருவர் கொடியைத் தூக்கியதும், “என்ன?” என்றார். ஆஃப்சைடு என்றேன். “ஆஃப் சைடுல அடிச்சா நல்லதுதானே? கவர் டிரைவ் எவ்வளவு அழகு! அதுக்குப் போய் ஏன் கொடி காட்டுறான்?” விளக்கிச் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டார்.

உண்மையை எழுத வேண்டும். ஆட்டம் படு மந்தம். பந்து பின்னால் போனது, பக்கவாட்டில் போனது, பந்து பொறுக்கிப் போடும் பையன்கள்கூட வேறெங்கோ பார்த்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம்கூடச் சலிக்கவில்லை. இரண்டாம் பாதியில் மழை வந்தது. அண்ணன் கிளப்பின் கோல்கீப்பர் தனியாக, யாரும் வராத முனையில், கையை உரசிக்கொண்டு நின்றார். அவரைத்தான் அதிகம் பார்த்தேன். பாசமாகத்தான் பார்த்தேன். ஒரு கோலும் விடவில்லை.

“முடிஞ்சுதா?”

“இன்னும் நாலு நிமிஷம் கூட்டியிருக்காங்க.”

“எதுக்கு கூட்டினான்? யார் கேட்டா?”

“நான் கேக்கல.”

கடைசி விசில். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். “ஜெயிச்சுட்டோமா? டிராவா? ஜெயிச்சுட்டோமா?” என்று உள்ளே ஓடிவந்தான். இரண்டும் என்றேன். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியன் மாமாவைச் சீண்ட மேலே ஓடினான். சத்தத்தில் எழுந்த அப்பா, “எத்தனை ரன்?” என்று கேட்டுவிட்டு உள்ளே படுக்கப் போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. கோப்பையைக் கொடுத்தார்கள், காகிதத் துணுக்குகளைப் பறக்கவிட்டார்கள், எல்லாரும் போனார்கள். ஒருவர் மூலைக் கொடிகளைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஈரப் புல்லில் பார்த்துப் பார்த்து நடந்து போனார். பிறகு மைதானத்தின் விளக்குகளை ஒவ்வொரு வரிசையாக அணைத்தார்கள்.