சீனாக்காரியிடம் எடுத்த ஒன்பது பாயிண்ட்

வடக்குப்பட்டு,
12.3.2015

அன்பு மகள் வேல்விழிக்குப் பெரியப்பா சுப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா சந்திரம்மாளும் சுகம். லக்னோவில் நீயும் சுகம் என்றுதான் உன் கடிதத்தைப் பிரிக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன், பிரித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் பெரியப்பா கத்துவார், அதனால் எழுதுகிறேன் என்கிறாய். எழுதினால் மட்டும் கத்தமாட்டேனா? நான் கத்திய கத்தலில் ரோட்டில் போன கம்பெனி பஸ்ஸே நின்றுவிட்டது.

பாங்காக் வீல்சேர் இறகுப்பந்துப் போட்டியில் அந்தச் சீனாக்காரியிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றாய், சரி. அதற்காக மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, ஒன்றாம் தேதி ஒரகடம் கம்பெனியில் வரவேற்பு மேசைக்கு வந்து உட்காரப் போகிறாயா? அந்த எச்.ஆர். மேடம் என்னிடமே சொல்கிறார், "வேல்விழி வீல்சேர்ல முன்னாடி இருந்தா வர்ற கெஸ்ட்டுக்கு நல்ல இம்ப்ரெஷன் சார்" என்று. வாசலில் வைக்க அவர்களுக்குப் பூந்தொட்டி கிடைக்கவில்லையா? வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. ஆடி முடித்துவிட்டு ராணி மாதிரி வந்து உட்கார், ஒளிந்துகொள்ள வராதே. கூட்டு ரோட்டில் லாரி மோதி இடுப்புக்குக் கீழே உணர்வு போனபோதுகூட நீ இப்படிச் சுருண்டவள் இல்லை.

ஒன்பது பாயிண்ட்தான் எடுத்தேன் என்று அழுகிறாயே, யாரிடம் எடுத்தாய் என்று சேரப்பணஞ்சேரி வரைக்கும் போய்க் கேள். லியாவ் மின் என்ற பேரை நாக்கு சுளுக்காமல் சொல்லவே எனக்குப் பத்து நாள் ஆனது. சின்ன வயதில் காய்ச்சலில் கால் போனது, துணி ஆலையில் பட்டன் தைத்தது, பிறகு ஆட வந்து ஏழு வருஷம் சாம்பியனாக இருந்தது எல்லாம் நீ எழுதியது. அவள் அடித்தால் இறகுப்பந்து சுவரில் ஆணி மாதிரி இறங்கும், சீன மந்திரியே அவள் நாற்காலியைத் தள்ளுவார், அவளிடம் ஐந்து பாயிண்ட் எடுத்தவர்களுக்கு அவரவர் ஊரில் தேர் இழுப்பார்கள் என்பதெல்லாம் நான் போட்ட உப்பு காரம். டீக்கடையே வாய் பிளந்து கேட்டது. அந்த நில புரோக்கர் கோதண்டம் மட்டும், "இன்னா சுப்பா, வீல்சேர் ஆட்டத்துக்குப் பாதி கோர்ட்தானாமே? பாதிக்கு இம்மாம் பீத்தலா?" என்றான். விட்டேனா? "டேய், என் நெலத்துல பாதிய நீதானேடா கம்பெனிக்கு முடிச்சுக் குடுத்த? அந்தப் பாதியில மூணு ஷிப்ட் ஓட்டிக்கினு கீறானுங்க, பாதின்னா உனுக்கு இளப்பமா?" என்றேன். டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

ஆனால் அவள் கதையில் நான் கடையில் சொல்லாமல் விட்ட ஒரு இடம் இருக்கிறது. ஆட வந்த முதல் நாலு வருஷம் அவள் போன இடமெல்லாம் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள் என்று நீதானே எழுதியிருந்தாய்? பீற்றிக்கொள்ள உதவாது என்று நான் விட்டுவிட்டேன். நீ ஏன் விட்டாய்? அவள் நாலு வருஷம் தோற்றாள், நீ ஒரு தடவை. எனக்கு வருகிற கோபத்துக்கு நீ பக்கத்தில் இல்லாதது நல்லதுதான்.

நேற்று மேடம் முடிவு கேட்டு வந்தார். உன் பெரியம்மா, "புள்ள வூட்டுக்கு வந்துட்டா போதும் மேடம், வந்துடுவா" என்று சொல்லிவிட்டாள். நான் குறுக்கே புகுந்து, வேல்விழியோடு இன்னொரு தடவை ஆடாமல் விடமாட்டேன் என்று அந்தச் சீனாக்காரியே சொல்லி அனுப்பியிருக்கிறாள், எங்கள் பிள்ளைக்கு இப்போது நேரமில்லை என்றேன். மேடம் எழுந்து கைகொடுத்துவிட்டுப் போனார். வண்டி தெருமுனை திரும்பியதும் பெரியம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமாவா? அவ்ளோ பெரியவ நம்ம புள்ளயக் கூப்ட்டாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியே உட்கார்ந்து அழுதாள், நீ அடிபட்ட பிறகு அவள் சந்தோஷத்தில் அழுது நான் பார்த்ததில்லை. பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தோளுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே, அங்கே குளிர் விட்டதா என்று எழுது. நம் ஊர் சாமிகள் அத்தனையும் உன் கைக்குப் பலம் கொடுக்கட்டும். ஆயுசுக்கும் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எதையும் யாரையும் நிஜமாக்கச் சொன்னதில்லை. இந்த ஒன்றை மட்டும் நீ நிஜமாக்கிக் கொடு, அம்மா.

இன்னும் கோபம் ஆறாத உன் பெரியப்பா,
வ. சுப்பன்