பாஸ்போர்ட் படத்தில் இல்லாதவர்

ஜூலை 13, ஞாயிறு

வாத்தியார் வேலையில் இருந்தபோது காயத்ரி என்ற மாணவி கேட்டாள்: "சார், நேர்ல பாக்காதவங்க சொன்னா அது சாட்சிங்களா?" இல்லை என்றேன். உதாரணமும் சொன்னேன்: பக்கத்து பெஞ்ச் பையன் அடி வாங்கியதைப் பார்த்த நீ சாட்சி, நீ சொல்லிக் கேட்ட உன் அம்மா சாட்சி இல்லை.

இன்று சர்ச் ஹாலில் எண்பத்து மூன்றாம் ஆண்டு இலங்கைக் கலவரப் படங்களைத் திரையில் காட்டினார்கள். எரியும் கடைகள். தெருவில் உடல்கள். ஒருவர் அதைப் போனில் பிடித்துக்கொண்டார். ஒரு அம்மா டீ குடிக்க எழுந்து போய்விட்டார். இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய சின்னராஜ் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார் – அங்கே பதுளையில் பேக்கரி எரிந்தது, தான் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் படத்தைப் பார்க்கவில்லை. ஏன்?

ஜூலை 15

அவர் பேசியதைச் சர்ச் மலருக்கு எழுதித் தருவது என் பொறுப்பு. சரிபார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். பழைய பாஸ்போர்ட்டைக் காட்டினார். அப்பா, அம்மா, பிள்ளைகள், எல்லோரும் ஒரே படத்தில். இந்தியா வந்து இறங்கிய முத்திரையில் 1974.

எழுபத்து நாலில் கப்பல் ஏறியவர் எண்பத்து மூன்றில் எப்படிப் பதுளையில்?

காபி கொண்டுவந்த அவர் அக்கா ஜெஸிந்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி புளுகுவது அவருக்கும் தெரியும் போல.

ஜூலை 16

எதுக்குப் பொய்? கைதட்டலுக்கா? நாளைக்கு ஒருத்தன் இதையே காட்டி, எல்லாமே கட்டுக்கதைன்னு சொன்னா? செத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?

ஜூலை 18

கேட்டுவிட்டேன். "ஏனுங்க சின்னராஜ், எண்பத்து மூணுல நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

"இங்கதான் மாஸ்டர், நடுவட்டத்துல. தேயிலக் கொழுந்து மூட்டை தூக்கிக்கிட்டு." சிரித்தார். "பரீட்சை பேப்பர் திருத்துற கை சும்மா இருக்குமா?"

"அப்ப அந்தத் தொட்டி?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெஸிந்தாவின் குரல்: "தொட்டி இல்ல தம்பி. பேக்கரி அடுப்பு. ஆறிப்போன அடுப்பு. எத்தன தடவ சொல்றது?"

"ஊரே எரியறப்ப அடுப்புக்குள்ள ஒளிஞ்சேன்னா யாரு அக்கா நம்புவாங்க?" என்றார் அவர். பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்: "அக்காவுக்குச் சபையில வாய் வராது மாஸ்டர். அதான் நான் சொல்றேன். எனக்குப் படத்தப் பாக்கத் தைரியம் வராது. மச்சான் எந்தப் படத்துல கெடக்காரோ."

ஜூலை 19

பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிப் பார்த்தேன். படத்தில் ஜெஸிந்தா இல்லை. கல்யாணமாகிப் பதுளையிலேயே தங்கியவர். எண்பத்து நாலில் தனியாக வந்திருக்கிறார். நான் தேதியை மட்டும் படித்திருக்கிறேன்.

'ஜெஸிந்தா கண்டது, தம்பி சொன்னது' என்று எழுதி, ஜெஸிந்தாவுக்கே படித்துக் காட்டினேன். ஒரே திருத்தம் சொன்னார்: "என் வீட்டுக்காரரு பேரையும் போடுங்க மாஸ்டர். டக்ளஸ்."

ஒரு குடும்பப் படம் கையில் கிடைத்தால், அதில் இல்லாதவர் யார் என்று முதலில் கேள்.