நாலு மணிக்கு வருகிற ஆள்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா? அவசரத்தில் கண்ணாடி போடாமல் வெல்டிங் வேலையில் உட்காராதீர்கள்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு பக்கத்திலும் ஒரே கேள்விதான்: “அவ கதையில வர்ற ஆளு யாரு?” பாப்பா ஆசையாக உங்களுக்கு அனுப்பிய கதையைப் படித்துவிட்டு என்னிடம் இப்படிக் கேட்க எப்படி மனசு வந்தது என்று கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாக அங்கே உங்கள் அறைக்கு யார் வந்து போகிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? ஆனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. உங்களுக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டவள் நான்.

புது டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பிள்ளைகளைக் கதை எழுதச் சொல்கிறார். மார்க் கிடையாது, சிவப்பு மை கிடையாது. மனசில் தோன்றுவதை எழுதினால் போதுமாம். வீட்டு விஷயத்தைப் பிள்ளைகள் வாயிலிருந்து கறக்கிற வேலை என்று எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் எழுத அழுகிற நம் பாப்பா, குப்புறப் படுத்துக்கொண்டு சோறு ஆறுவது தெரியாமல் எழுதினாள்.

அவள் குளிக்கப் போனபோது நோட்டைத் திறந்து பார்த்தேன். ‘நாலு மணிக்கு அவர் வருவார். செருப்பை ஓரமாக வைப்பார். அம்மா வருவதற்குள் போய்விடுவார். அம்மாவுக்குத் தெரியாது.’

பள்ளி மூன்றரைக்கு விடுகிறது. நான் கம்பெனியில் காலர் தைத்து முடித்து வீடு வர ஆறாகிறது. யார் என்று கேட்டேன். “யாருமில்லம்மா, கதைதான்” என்றாள். நான் நம்பவில்லை. பையைக் கொட்டிப் பார்த்தேன், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன், சாக்லேட் கொடுத்தாரா என்று கையைப் பிடித்து உலுக்கினேன். அழ ஆரம்பித்தாள். அழுதால் உண்மை இருக்கிறது என்று நினைத்தேன்.

மாடியில் தனியாக இருக்கிற ரேடியோ ரிப்பேர்காரர் மேல்தான் சந்தேகம் போனது. வாசலில் நின்று கேட்டேவிட்டேன். “நாலு மணிக்கு நான் கடையிலதானே இருப்பேன், என்னைப் போய் இப்படிக் கேக்கிறீங்களே” என்றார். அதிலிருந்து மாடிப்படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்து நடக்கிறார்.

திங்கட்கிழமை பர்மிஷன் போட்டு வந்து, பின்சந்தில் ஜன்னலோரம் ஒளிந்து நின்றேன். பாப்பா பூட்டைத் திறந்து வந்தாள். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு ஒன்றில் உட்கார்ந்தாள். காலியான நாற்காலியிடம் பள்ளியில் நடந்ததையெல்லாம் சொன்னாள். நடுநடுவே சிரித்தாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பதிலைக் கேட்டாள். வேறு யாரும் வரவில்லை. நான் உள்ளே போகாமல் சந்திலேயே நின்றேன்.

மறுநாள் டீச்சரைப் பார்த்தேன். “வீட்டுல இல்லாத ஒருத்தரை வரவழைச்சு எழுதுங்கன்னுதாம்மா சொன்னேன்” என்றார். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை செத்துப்போன நாய்க்குட்டியை வரவழைத்திருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை பாப்பா வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, “எழுதினா அம்மா யாருகூடயாவது சண்டைக்குப் போவாங்க” என்றாளாம். மாடிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் அழகான கையெழுத்தில் கடைச்சாமான் லிஸ்ட் எழுதித் தந்தாள்.

உங்கள் கடிதத்தை அவள் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். என்னிடம் கேட்க இன்னும் ஏதாவது இருந்தால் நேராகக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். யார் அவர் என்று கேட்காதீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். கதை பிடித்திருந்தது, அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேளுங்கள். லீவில் ஊருக்கு வரும் விஷயத்தை, தேதி உறுதியான பிறகு எழுதினால் போதும். இன்னொரு தடவை அவளை வீணாக நாள் எண்ண வைக்க வேண்டாம்.

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். அவள் பெயருக்கு வரப்போகும் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்,

பாப்பாவின் அம்மா