கன்றைப் பிரித்த கதை

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நானும் எட்டு மாடுகளும் நலம். நீ நலம் என்று உன் அக்கா போனில் சொன்னார். பத்து நாளாக நீ என் போனை எடுக்காததால் கடிதம் எழுதுகிறேன்.

“நீங்களாச்சு, உங்க மாடாச்சு” என்று நீ பெட்டியோடு கிளம்பிய மறுநாளே, நம் சிடுமூஞ்சிப் பசுவின் கன்றைப் பிரித்துக் கருவி அறையில் அடைத்தேன். கன்று தாயோடுதான் வளர வேண்டும், அது குடித்து மிஞ்சியதுதான் நமக்கு என்று நீ போட்ட சட்டத்தால் பாதிப் பால் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் எனக்கு. அதனால்தானே சண்டையே வந்தது. முழுப் பாலையும் கறந்து காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். சிடுமூஞ்சி ஒரு சொட்டு இறக்கவில்லை. வாலால் கன்னத்தில் ஒன்று வைத்ததுதான் மிச்சம்.

உன் வாசனை பட்டால் இறக்குவாள் என்று பால் வண்டிக்காரர் யோசனை சொன்னார். நீ கறக்கும்போது போடும் பூப்போட்ட அங்கியை மாட்டிக்கொண்டு, உன் தலைத்துணியையும் கட்டிக்கொண்டேன். சிரிக்காதே. சிடுமூஞ்சி என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள். அந்த நேரம் பார்த்தா இயற்கைப் பண்ணைச் சான்றிதழ் அதிகாரி வர வேண்டும்? பின்னால் நின்றுகொண்டு, “அம்மா, வீட்டுக்காரர் இல்லீங்களா?” என்று கேட்டார். நான் திரும்பினேன். பாவம் மனிதர், கையிலிருந்த படிவத்தைச் சாணியில் நழுவ விட்டுவிட்டார்.

பிறகு சமாளித்துக்கொண்டு, மாடுகளின் கொம்புகள் வெட்டப்படாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார். செத்த மாடுகளின் கொம்புகளில் சாணம் அடைத்து, உரமாவதற்காக நீ புதைத்து வைத்த குழியையும் பார்த்துத் தலையாட்டினார். “கன்னுக்குட்டி எங்க?” என்று கேட்டார். மேயப் போயிருக்கிறது என்று கூசாமல் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, கருவி அறைக்குள்ளிருந்து அது “ம்மா” என்று காட்டிக்கொடுத்துவிட்டது. தாயும் கன்றும் சேர்ந்திருந்தால்தான் கையெழுத்து, அடுத்த மாதம் வருகிறேன் என்று போய்விட்டார்.

அப்போதே கதவைத் திறந்து கன்றைத் தாயிடம் விட்டேன். கன்று முட்டிய முட்டில் பால் நுரைத்துக்கொண்டு இறங்கியது. நீ சொன்னதுதான் சரி. எழுத்தில் கொடுத்துவிட்டேன், ஆயுளுக்கும் வைத்துக் குத்திக்காட்டு.

சான்றிதழுக்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. அதை நான் ஒற்றை ஆளாகவே வாங்கிவிடுவேன். நாள் முழுக்க மாடுகளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுகூட எதிர்த்துப் பேச மாட்டேன் என்கிறது. எனக்கு இது பழக்கமில்லை, வீடு பயமாக இருக்கிறது. சண்டையில் மீதி இருந்தால் இங்கே வந்து போடு. தோற்கத் தயாராக இருக்கிறேன். முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்