டை கட்டிய பையன்களும் டிரேவரும்

ஜூலை 5, சனி
இன்றும் மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையின் மிஷனரி படம்தான். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. இரண்டு பையன்கள் முன்பின் தெரியாத ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார்கள். யாரும் திறப்பதில்லை. நான் பழனி முருகனைக் கும்பிடுகிறவள். அவர்கள் பிரசங்கம் எனக்கு வேண்டாம். எனக்குப் பிடித்தது அந்த ஜோடி. சபை யாரோடு சேர்த்துவிடுகிறதோ அவனோடுதான் சாப்பாடு, தூக்கம், நடை எல்லாம். சண்டை வந்தாலும் விட்டுப் போக முடியாது. எங்கள் பெங்களூர் வைட்ஃபீல்டில் அப்படி ஒரு சட்டம் இருக்கக் கூடாதா?

ரூம்மேட் சிந்து பாதியில் போனோடு பால்கனிக்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் என் தோளில் சாய்ந்துதான் பார்ப்பாள்.

ஜூலை 8
போனில் அவள் ஆபீஸ் டிரேவராம். தினமும் அப்படி என்ன பேச்சு?

ஜூலை 12, சனி
டிரேவர் வீட்டுக்கே வந்துவிட்டான். மார்மனாம்! விசாகப்பட்டினத்தில் இரண்டு வருஷம் மிஷனரியாக இருந்தவனாம். "நீ படத்துலதான பாத்த, இவரு நெஜமாவே போயிருக்காரு" என்கிறாள் சிந்து. வயிறு எரிந்தது. இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பிடித்தது யார்? நானா, அவளா?

சோபாவில் இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். "மிஷனரி பொண்ணுகூடத் தனியா இருக்கக் கூடாது, தெரியும்ல?" என்று சட்டம் பேசினேன்.

"அது ஊழியத்துல இருக்கறப்போங்க. நான் முடிச்சு நாலு வருஷம் ஆச்சு."

சிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மானம் போச்சு. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 19, சனி
டிரேவரை மடக்கலாம் என்று கேட்டேன், படத்தில் பிரியும்போது கட்டிப்பிடித்து அழுகிறார்களே, நிஜத்திலும் அப்படியா என்று.

"என் ஜோடி க்ளென். சாப்பிடும்போது பாடிட்டே இருப்பான், எரிச்சலா வரும். வேற ஊருக்கு மாத்தினாங்க. பஸ் ஏத்தி விட்டப்போ நான் அழல. வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன். இறங்கவே இல்லங்க."

எந்தப் படத்திலும் இது இல்லை. சிந்து "அய்யோ பாவம்" என்றுவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போனாள். இவளுக்கு எதற்கு இவன் — சே, என்ன எழுதுகிறேன்?

ஜூலை 26, சனி
இருவரும் கப்பன் பார்க் போயிருக்கிறார்கள். படம் போட்டு உடனே நிறுத்திவிட்டேன். பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார்மேல்?

ஆகஸ்ட் 2, சனி
படத்தில் ஒருவன் ஊழியத்தைப் பாதியிலேயே விட்டு ஊர் திரும்புகிறான். செய்தது சரி என்றேன் நான். கோழை என்றான் டிரேவர். விடாமல் வாதாடினோம். வேறு படம் போடலாம் என்று சிந்து இரண்டு தடவை சொன்னாளாம். என் காதில் விழவில்லை.

ரிமோட்டைத் தூக்கி எறிந்தாள். "நீங்க ரெண்டு பேருமே பேசிக்கங்க. நான் எதுக்கு இங்க?" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

பின்னாலேயே போயிருக்க வேண்டும். டிரேவர் பாதி எழுந்துவிட்டான். "அப்போ உங்களுக்கு ஊருக்கே போகணும்னு தோணினதில்லையா?" என்று கேட்டேன்.

உட்கார்ந்துவிட்டான்.