இடது பின்கால், நான்காவது விரல்

மார்ச் 4, புதன், மாலை 6.40

நகங்கள் இருபது. வெட்டியது ஏழு. ஆறு சுத்தம். ஏழாவதில் இரத்தம். இடது பின்கால், நான்காவது விரல்.

காரணம் இருந்தது. அக்காவின் ஓணான் காஸ்தாவின் நகம் சோபா விரிப்பில் இரண்டு முறை மாட்டிக்கொண்டது. மூன்றாவது முறை பிய்ந்தே வந்திருக்கும். அக்கா டுன்யா பயிற்சிக்காக லியூப்லியானா போகும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்: "நகத்த மட்டும் தொடாதடா. நான் வந்து வெட்டிக்கிறேன். நீ சரி பண்றேன்னு கெளம்பினாலே எனக்குப் பயம்."

அக்கா வர இன்னும் பதினேழு நாள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன் நான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிறவன். ஒரு தாடி ஓணானின் நகம் எனக்கு எம்மாத்திரம்?

முறைப்படிதான் ஆரம்பித்தேன். நகம் இளகக் கால் மணி நேரம் வெதுவெதுப்பான நீர். பிறகு துண்டில் சுற்றி, ஒரு கால் மட்டும் வெளியே. நகத்துக்குப் பின்னால் டார்ச். வெளிச்சம் ஊடுருவுகிற வளைந்த முனையை மட்டும் நறுக்க வேண்டும். உள்ளே இருட்டாகத் தெரிவது இரத்தக் குழாய். ஆறு நகம், நான்கு நிமிடம். ஏழாவது முழுக்கக் கறுப்பு. டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் இரண்டு மில்லிமீட்டர்தானே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, வெட்டிவிட்டேன்.

இரத்தம் வந்தால் வைத்து அழுத்தச் சோளமாவு மேஜையிலேயே இருந்தது. நானே எடுத்து வைத்தது. ஆனால் கை நேராக அலமாரிக்குப் போனது. அப்பாவின் ரக்கியா, பிளம் பழச் சாராயம். பஞ்சை நனைத்து விரலில் சுற்றி, மேலே கரண்ட் டேப்பை இறுக்கி ஒட்டினேன். முழங்கால் சிராய்ப்பிலிருந்து காய்ச்சல் வரைக்கும் எங்கள் வீட்டில் எங்களுக்கு இதைத்தானே செய்தார்கள்.

காஸ்தா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தது. தாடி கரியாகக் கறுத்தது; பயந்தாலோ வலித்தாலோ அதற்கு அப்படித்தான்.

இரத்தம் நின்றுவிட்டது. வேலை முடிந்தது.

மார்ச் 5

சாப்பிடவில்லை. இரைக்கு விட்ட வெட்டுக்கிளி அதன் மூக்கின் மேலேயே ஏறி நடந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

மார்ச் 6, காலை

கட்டைப் பிரித்தேன். முப்பத்தெட்டு மணி நேரம் இருந்திருக்கிறது. விரலைச் சுற்றி மோதிரம் போட்டது போலப் பள்ளம். நுனி சாம்பல் நிறம்.

தானாகச் சரியாகிவிடும். ஆகும்.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினம். டுன்யாவுக்கு வாழ்த்துச் சொல்ல வீடியோவில் கூப்பிட்டேன். என் முகம் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டேன்.

"பூ எங்கடா?"

"வந்ததும் வாங்கித் தரேன்."

"பூ வேணாம். காஸ்தாவக் காட்டு."

"தூங்குது."

"பகல் ரெண்டு மணிக்கா?"

"அது முதலாளி. அதுக்கு எப்ப தோணுதோ அப்ப தூங்கும்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. என் பெயரைச் சொன்னாள்: "ஓக்னியென்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவளிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. எனக்கும் தெரியும். சைக்கிள், மடிக்கணினி, காபி அரைக்கும் இயந்திரம். மூன்றையும் நான் சரி செய்தேன். மூன்றும் செத்தன. மூன்று தடவையும் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு."

மார்ச் 9

விரல் வீங்கிவிட்டது. டாக்டர் ஸ்தான்காவிடம் கொண்டுபோனேன். நிஷ் நகரத்தில் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரே ஆள், எனக்குத் தெரிந்தவரை.

"எப்படி ஆச்சு?"

"நகம் சோபால மாட்டி கிழிஞ்சிடுச்சு."

"மேல ஏதாவது போட்டியா?"

"இல்ல."

"கட்டு கிட்டு?"

"இல்ல டாக்டர். நான் பாக்கறப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

ஊசி போட்டார். கழுவுவதற்கு மருந்து. நான்கு நாள் பார்ப்போம் என்றார்.

ஏன் பொய் சொன்னேன்? டுன்யா அங்கே இல்லை. டாக்டர் என்னைத் திட்டப் போவதும் இல்லை. வாய் தானாகவே சொல்லிவிட்டது, கை தானாக அலமாரிக்குப் போனது மாதிரி.

மார்ச் 12, வியாழன்

வீக்கம் இரண்டாவது கணுவுக்கு ஏறிவிட்டது. நுனி கறுப்பு. எட்டு நாளாக வாயில் ஒன்றும் படவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "புண்ணா? கொஞ்சம் ரக்கியாவ வெச்சுப் பாரேன்."

"வெச்சாச்சுப்பா."

"ஓணானுக்கா?" அவரே அதிர்ந்துபோனார். "டேய், அது ஐம்பது டிகிரி சாராயம்! குடிக்கறப்ப எனக்கே கண்ணுல தண்ணி வரும். எந்த பாட்டில்?"

"பச்சை மூடி."

"அய்யோ, அது உன் கல்யாணத்துக்குன்னு வெச்சது." கண்ணாடித் தொட்டிப் பக்கம் குனிந்தார். "வேலில போன ஓணானப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டா பாரு உங்கக்கா. அது ஒண்ணும் பண்ணல. நீதான் அதப் பண்ணிட்ட."

சமையலறைக்குப் போய் டாக்டரைக் கூப்பிட்டேன். மூன்றே விஷயம் சொன்னேன்: ரக்கியா, டேப், முப்பத்தெட்டு மணி நேரம்.

அந்தப் பக்கம் லைட்டர் சத்தம். "தம்பி, இந்த ஊர்ல நாய்க்கு வயித்துவலின்னாலும் மொதல்ல ரக்கியா, அப்புறந்தான் நான். அதுக்கு நான் கோவப்படல. ஆனா டேப் இறுக்கினேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா கிருமின்னு நெனச்சு ஊசி போட்டுக் காத்திருக்க மாட்டேன். ரத்தம் போகாம செத்துட்டு இருக்குது அந்த விரல். திங்கக்கிழமைன்னா நுனி மட்டும் போயிருக்கும்."

"இப்ப?"

"ஒரு கணுவும் சேத்து. காலைல எட்டு மணிக்குக் கொண்டா."

நகம் போனது கையின் தப்பு. கணு போனது வாயின் தப்பு.

மார்ச் 13

எடுத்துவிட்டார்கள். இரண்டு தையல். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். கடிக்கவில்லை. கடித்திருக்கலாம்.

மார்ச் 15

டுன்யா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 17, மதியம் 1.20

ஒரு வெட்டுக்கிளி. ஒன்றே ஒன்று. தாடி மறுபடியும் மஞ்சள். சமையலறையில் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்பா, "என்னடா ஆச்சு?" என்றார். "தின்னுடுச்சுப்பா!"

மார்ச் 21, சனி, காலை 7.15

நகங்கள் பத்தொன்பது. வெட்டுக்கிளி, இன்று காலை மட்டும், நான்கு. டுன்யாவின் பேருந்து மாலை 4.10க்கு. இன்று செய்ய வேண்டியவை:

1. சோபா விரிப்பை எடுத்துவிடுவது. இதை மார்ச் 4 அன்றே செய்திருக்கலாம்.
2. மருந்து தடவுவது. கட்டு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்; கட்டு வேண்டாம்.
3. நகவெட்டியை டுன்யாவின் பெட்டியில் பழைய இடத்திலேயே வைப்பது.
4. பூ வாங்குவது. ஆனால் சொல்வதற்கு முன் கொடுக்கக் கூடாது.
5. பேருந்து நிலையத்திலேயே சொல்லிவிடுவது, வீட்டுக்கு வந்து அவள் எண்ணும்வரை காத்திராமல். ரக்கியா, டேப், டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாமே. சைக்கிளையும்.
6. அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது.
7. மீதி பதின்மூன்று நகத்தை அவள் வெட்டட்டும். நான் டார்ச் பிடிக்கிறேன், விட்டாளானால்.