அலமாரியில் இருந்த அமுக்கரா

செண்பகம்,

போனில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வந்த மஞ்சள் காமாலை இறங்கிவிட்டது, பயப்படாதே.

"வேற மருந்து ஏதும் சாப்பிட்டதுண்டோ?" என்று டாக்டரம்மா கேட்டபோது உன் அண்ணன் பக்கத்தில் நின்றார். சாலை பஜாரில் வாங்கிய அமுக்கராக் கிழங்குப் பொடி என்றேன்.

"எதுக்கு?"

குழந்தைக்காக என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"சிலருக்கு அது கல்லீரலைக் கெடுக்கும். கேக்காம சாப்பிடலாமோ?" என்றார். அண்ணன் வெளியே போய்விட்டார்.

குறை உன்னிடம்தான் என்று என் அம்மா பேசிய அன்றும் அந்த டப்பா என் அலமாரியில் இருந்தது. நீ அழுதுகொண்டே ஊருக்குப் போனாய். நான் சும்மா நின்றேன்.

இப்போது டெஸ்ட் எடுத்துவிட்டேன். குறை எனக்குத்தான். அம்மாவிடம் நானே சொன்னேன். உனக்குப் போன் செய்வாளாம். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம்.

வெட்கத்துடன்,
உன் வீட்டுக்காரன்